நான் நீக்கிய கிணறு

பணி ஓய்வு பெற்ற இரண்டாவது வருடம் அது. அவனியாபுரத்தைத் தாண்டி இருக்கும் ஒரு கண்மாயின் பழைய எல்லையை வரைந்து தரும் வேலை என்னிடம் வந்தது. நில அளவைப் பணியில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் நான். விதிகள் எல்லாம் மனப்பாடம். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

வேலை இதுதான். பல வருடங்களுக்கு முன் விமானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று. ட்ரோன் எடுத்த இன்றைய படம் ஒன்று. இரண்டிலும் தெரிகிற, இடம் மாறாத புள்ளிகளைப் பிடித்துக் கணினியில் ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்த வேண்டும். பிறகு பழைய கரையின் கோட்டை வரைந்தால், கண்மாய்க்குள் கட்டிய வீடுகள் தெரிந்துவிடும். அவற்றுக்கு நோட்டீஸ் போகும். கையில் பட்டா இருந்தாலும் காப்பாற்றாது.

பசுமலையில் என் வீட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நான்கு புள்ளிகள் எடுத்தேன். கோவில் மண்டபத்து மூலை, சாலைப் பாலம், கண்மாயிலிருந்து தண்ணீர் திறந்துவிடும் மடை, ஒரு பெரிய கிணறு. நான்கும் ஒத்துப்போகவில்லை. ஏதோ ஒன்று தப்பு. மடை அரசாங்கம் கட்டியது, கிணறு எவரோ வெட்டியது. எனக்கு அவ்வளவு போதுமாக இருந்தது. கிணற்றை நீக்கினேன். உடனே கணினி, பிழை பூஜ்யம் என்றது.

மூன்றே புள்ளிகள் வைத்தால் எந்தப் படமும் எந்தத் தரையோடும் பொருந்தும், பிழை பூஜ்யம் என்றுதான் காட்டும். இதை நானே பல பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். இருந்தும் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் மனம் குளிர்ந்துவிட்டது. வரைபடத்தை அனுப்பிவைத்தேன். கரை வளையும் இடத்தில் ஒரே ஒரு வீடு கோட்டுக்குள் வந்திருந்தது.

களச் சரிபார்ப்பு என்று ஒரு சடங்கு உண்டு. நோட்டீஸ் தயாராவதற்குள் அதையும் முடித்துவிடலாம் என்று ஒரு காலை நேரத்தில் போனேன். அந்த வீட்டு வாசலில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் ஷேர் ஆட்டோ சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார். சீட்டுக்குச் சொந்தக்கார டிரைவர் பக்கத்தில் காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாவின் கை தையல் மிஷின் சக்கரத்தில் அப்படியே நின்றது.

டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சார், என் சீட்டு தைச்சு முடியுற வரைக்குமாவது வீட்ட விட்டு வைங்க."

அந்த அம்மா சிரிக்கவில்லை. என் கையிலிருந்த தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இதுல எங்க கெணறு எங்க சார் இருக்கு?"

வீட்டுக்குப் பின்னால், கம்பி வலை போட்டு மூடிய கிணறு. நான் நீக்கிய அதே கிணறு. கணக்குக்கு ஒத்துவரவில்லை என்று அதை எடுத்துவிட்டு, மடையை வைத்துக்கொண்டதாகச் சொன்னேன்.

"அப்ப மடைய மட்டும் எப்படி நம்புனீக? அது ஒடஞ்சு, தள்ளிக் கட்டுனதுனு எங்க மாமனார் சொல்லுவாரு. மடைய இடிச்சு எங்க வேணாலும் கட்டலாம். கெணத்தத் தூக்கி வைக்க முடியுமா?"

மடையைப் பார்க்க அவர் பின்னால் நடந்தேன். மடையின் நெற்றிக் கல்லில், கட்டிய வருடம் செதுக்கியிருந்தது. என்னிடம் இருந்த பழைய புகைப்படம் எடுத்ததற்கு எட்டு வருடம் பிந்திய வருடம். அறுபது எழுபது அடி தள்ளி, கருவேல முள்ளுக்குள் பழைய மடையின் அஸ்திவாரக் கற்கள் கிடந்தன. படித்தவன் ஒருமுறை வந்து படித்திருந்தால் தீர்ந்திருக்கும்.

சட்டை கிழிய அந்தக் கற்களை அளந்துகொண்டு வந்தேன். இந்த முறை எட்டுப் புள்ளிகள், சோதிக்கத் தனியாக மூன்று. பிழை இரண்டடி காட்டியது. நேர்மையான வேலைக்கு அவ்வளவு இருக்கும். வீடு கோட்டுக்கு வெளியே வந்துவிட்டது. பின்பக்கத் தகரக் கொட்டகை மட்டும் நாலடி உள்ளே.

வேலையைத் தந்த அலுவலகத்தில் இருந்த இளம் அதிகாரி நல்ல மனிதர். "தரவு மேம்படுத்தப்பட்டதுன்னு போட்டுக்குவோமே சார்," என்றார். அந்த வாக்கியத்தை அவருக்கு முந்தைய தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். வேண்டாம் என்று சொல்லி, "பிழை என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பத்து நான்கு வருடக் கோப்புகளில் எங்கு தேடினாலும் அந்த வரி கிடைக்காது. நோட்டீஸ் நின்றது.

செய்தியைச் சொல்ல நேரில் போனேன். கொட்டகை பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அது உள்ள இருக்குனு எனக்கே தெரியும் சார். நாளைக்கே கழட்டிர்றேன். நீங்க மொதல்ல அந்தச் சட்டையக் குடுங்க, தோள்பட்டையில இன்னும் கிழிசல் இருக்கு."

இப்போதும் இந்த வேலையைச் செய்கிறேன். ஒரு புள்ளி மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் அடம்பிடித்தால் அதை நீக்குவதில்லை, அதைப் பார்க்க ஷேர் ஆட்டோ ஏறுகிறேன். எனக்குத் தெரியாத ஒன்று அதற்குத் தெரிந்திருக்கலாம் என்ற எண்ணம், இந்த வயதில், காலுக்குக்கூட ஒரு தெம்பைத் தருகிறது.