இருபத்து நான்காவது நீலத்தாள்

கடத்தூர் ஜெயராணி விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் அவள் உள்ளங்கை பட்ட கதவுகள் எத்தனையோ நாட்டு வானத்தில் பறக்கின்றன. தருமபுரிக்கு வெளியே விமானக் கதவு செய்கிற ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். துணியில் ஈ உட்கார்ந்து எழுந்த பள்ளத்தைக்கூட விரலால் தடவிக் கண்டுபிடிப்பாள்.

பிசின் ஊறிய கார்பன் துணியை அச்சின் மேல் இருபத்து நான்கு அடுக்காக ஒட்டி, ஓவனில் வேகவைத்தால் இரும்பே வெட்கப்படுகிற பலகையாகிவிடும். ஒவ்வொரு அடுக்கின் முதுகிலும் ஒரு நீலத்தாள் இருக்கும். அதை உரித்துப் பெட்டியில் போட்டு, ஓவனுக்குப் போகுமுன் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது பலகைக்குள் சிக்கியிருக்கிறது என்றே கணக்கு. அந்தப் பலகை நடுவானில் பிளந்தால் பிழைப்பாரில்லை.

அந்தத் தாளில் எதுவும் ஒட்டாது. கூழ் வடகம் ஊற்றிக் காயவைத்தால் பூவாட்டம் கழன்று வரும். எண்ணி முடித்துக் குப்பைக்குப் போகிற தாளை எல்லாப் பெண்களும் மடித்து எடுத்துப் போவார்கள். கடத்தூரிலிருந்து பாப்பாரப்பட்டி வரை மொட்டைமாடிகள் நீலமாகி, கீழே கடல் தெரிகிறதென்று விமானிகள் குழம்பிப் போனார்களாம்.

சூப்பர்வைசர் நவநீதனின் மாமியாரும் ஒரு தாள் கேட்டிருந்தாள். அந்த வியாழக்கிழமை அவசரத்தில், எண்ணுவதற்கு முன்பே அவன் பெட்டியிலிருந்து ஒன்றை உருவி ஃபைலில் வைத்துக்கொண்டான். ஜெயராணி பார்த்தாள். எண்ணும்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தாள்.

எண்ணினார்கள். இருபத்து மூன்று.

"நீங்க ஒண்ணு எடுத்தீங்களே சார், ஃபைல்ல இருக்குதுங்களே."

நவநீதனுக்கு வேர்க்கக்கூட இல்லை. "ஏம்மா, உன் வூட்டு மாடியில காயறது எந்தத் தாளு? மேனேஜரைக் கூட்டியாந்து காட்டட்டுமா?"

சுற்றி நின்ற ஆறு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். ஆறு பேர் மாடியும் நீலம்தான்.

"அமுதா, நீயும் பாத்தல்ல?"

எதிரில் நின்ற அமுதவல்லி கையுறையைச் சரிசெய்துகொண்டாள். "நான் குனிஞ்சி வேலை செஞ்சிட்டிருந்தேன்க்கா."

மேனேஜர் வந்தார். "பிரிச்சுப் பாருங்க" என்றார். ஒட்டியவளே பிரிக்க வேண்டுமாம். காலையிலிருந்து அவள் ஒட்டியதை அவள் கையே ஒவ்வொன்றாகக் கிழித்தது. இழை கோணி, துணி சுருண்டு, திரும்ப எதற்கும் ஆகாமல் போனது. கடைசி அடுக்கும் வந்தது. தாள் எங்குமே இல்லை.

ஜெயராணி சிரித்தேவிட்டாள். "பாத்தீங்களா சார், உள்ள இல்லவே இல்ல!"

"அப்போ நல்லா இருந்த பலகையைக் கெடுத்துட்ட" என்றார் மேனேஜர்.

உள்ளே இருந்திருந்தால் விட்ட குற்றம். இல்லாததால் தொலைத்த குற்றம். வேலையை விட்டுப் போவதாக எழுதிய தாளை நீட்டி, நவநீதனே பேனா கொடுத்தான், கையெழுத்துப் போடும் இடத்தையும் விரல் வைத்துக் காட்டினான்.

சாயங்காலம் கடத்தூர் பஸ்ஸில் அமுதவல்லி அவளுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஊர் நெருங்கியதும் முன்னால் குனிந்தாள்.

"அக்கா, உங்க இடத்துல ஏ.சி. காத்து மூஞ்சில அடிக்காதில்ல? நாளைக்கு எனக்குக் கேக்கட்டுமா?"

ஜெயராணி திரும்பிப் பார்க்கவில்லை.

"சீக்கிரம் கேளு. மத்தவங்க இந்நேரம் கேட்டிருப்பாங்க."