கன்னிமார் நூல்

பாஞ்சாலியின் வீட்டுக் கூரையில், புல்லுக்கும் மூங்கிலுக்கும் இடையில், விரல் நீளக் குச்சிகள் வரிசையாகச் செருகியிருந்தன. நாற்பத்தொரு குச்சிகள். ஒவ்வொன்றும் நாவக்கொல்லையில் யாரோ ஒருவருடைய கால். அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் எந்தக் குச்சி யாருடையது, எந்த வருஷத்துக் கோடையில் எடுத்தது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அடுப்புக்கு நேர் மேலே, மற்றவற்றை விட்டு ஒதுங்கி, ஒரு குச்சி தனியாக இருந்தது. அது எதிர் வீட்டு அர்ச்சுனனுடையது. அதைப் பற்றி யாரும் அவளிடம் கேட்டதில்லை.

நாவக்கொல்லை ஜவ்வாது மலையில் இருபத்திரண்டு வீட்டு ஊர். ஜமுனாமரத்தூரிலிருந்து ஏழு மைல் நடக்க வேண்டும். ஊருக்குக் கீழே, ஏழு கன்னிமார் கற்களுக்குப் பக்கத்தில் ஒரு படிக்கிணறு. குடத்தோடு படியில் இறங்கி, முழங்கால் அளவு தண்ணீரில் நின்று மொள்ள வேண்டும். ஓடைகள் எல்லாம் வற்றிப்போகும் கோடையிலும் அது வற்றாது. மேட்டு ஊற்றில் மொள்ளும் மாதையன் வீட்டையும் அவன் தம்பி வீட்டையும் தவிர, ஊரே அதைத்தான் குடித்தது.

அந்த ஊரில் இருந்த நோய்க்குக் கீழ்நாட்டில் நரம்புச் சிலந்தி என்று பெயர். சித்திரை, வைகாசியில் கணுக்காலில் நெருப்புச் சுட்டதுபோல ஒரு கொப்புளம் எழும்பி உடையும். உள்ளே வெள்ளை நூல் போல ஒரு புழுவின் தலை தெரியும். முழுப் புழு இரண்டு முழம் இருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் கால் வீங்கிச் சீழ் வைத்து, ஆள் அந்த விதைப்புக்கு எழுந்திருக்க மாட்டான். அதனால் தலையைக் குச்சியில் சுற்றி, நாளுக்கு நான்கு விரற்கடை என்று பதினான்கு, பதினைந்து நாள் எடுக்க வேண்டும். பாஞ்சாலி கையில் ஒன்றுகூட அறுந்ததில்லை.

அவள் வேலை செய்த இடம் கிணற்றின் மூன்றாம் படி. நோய் வந்தவரை அங்கே உட்கார வைத்துக் காலைத் தண்ணீரில் விடச் சொல்வாள். குளிர்ச்சி பட்டதும் எரிச்சல் அடங்கும். புழு தானாகத் தலையை நீட்டும். பால் போல ஏதோ ஒன்று தண்ணீரில் கலந்து மறையும்.

"நஞ்சு போவுது பாரு" என்பாள்.

நூலை அனுப்புவது கன்னிமார் என்று ஊர் நம்பியது. கடைசி நாளில் முழுதாக வந்த நூலைக் குச்சியிலிருந்து உருவி, மஞ்சள் தடவி, அதே தண்ணீரில் விடுவார்கள். கொடுத்தவர்களுக்கே திருப்பிக் கொடுப்பது. வெறுங்குச்சி மட்டும் பாஞ்சாலி வீட்டுக் கூரைக்கு வரும்.

இதை அவளுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அவள் புருஷன் சடையன் மதுரைப் பக்கம் கிணறு வெட்டப் போயிருந்து, எழுபத்திரண்டாம் வருஷக் கோடையில் திரும்பினான். வந்த மாதமே கணுக்கால் கொப்புளித்தது. அந்தப் பக்கத்தில் குச்சியில் சுற்றி எடுப்பதைப் பார்த்திருந்தவன் அதைச் சொன்னான். எரிச்சல் தாங்காமல் அவன் தலையைச் சுவரில் முட்டிக்கொண்ட ஒரு மத்தியானத்தில், தண்ணீரில் வைத்தால் ஆறும் என்று கிணற்றுக்கு அழைத்துப் போனவள் பாஞ்சாலி. மூன்றாம் படி அவளுடைய யோசனை. ஆறியது.

மறு கோடையில் நாலு பேருக்கு வந்தது. அந்த ஆண்டு மழைக்காலத்தில் சடையன் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லாத தாலியறுத்தவளை நல்ல காரியத்துக்குக் கூப்பிடாத ஊர், காலைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தது. ஒரு படி சாமை, ஒரு உருண்டை புளி, கையில் இருந்ததைக் கொண்டுவந்தார்கள். கோடை வந்தால் அவளுக்கு மனசுக்குள் சந்தோஷமாக இருக்கும். அதைத்தான் பின்னாளில் அவளால் தாங்க முடியவில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் சித்திரை முடியும்போது, அந்தக் கோடைக்கு ஆறு பேர் படியில் உட்கார்ந்து எழுந்த பிறகு, கோபால்சாமி வந்தார். மலைக்குக் கீழே கணியம்பாடிக்காரர். சுகாதாரத் துறையில் வேலை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இன்னாம்மா, இந்த ஊருக்கு நீதான் டாக்டராமே?"

"ஏன் சார், உங்களுக்கும் கால்ல எரியுதா?"

"எனக்கு வவுத்துல எரியுது. ஏழு மைலு நடக்க வச்சிட்டீங்களே."

கிணற்றிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"இன்னா தெரியுது?"

"தண்ணி."

"நல்லா பாரு. புள்ளி புள்ளியா துள்ளல?"

"தண்ணிப் பூச்சி சார். அது எப்பவும் கீது. இன்னா பண்ணிடும்?"

"அது சொம்மா தான் இருந்துது. நீ காலை வச்சா வெள்ளையா வருதே, அதுல புழுக்குஞ்சு கீது. அத்த இது தின்னும். தண்ணியோட இத்த நீ குடிப்ப. உள்ள வளந்து வருஷம் கழிச்சி கால்ல வரும். ஒரு வருஷம், சரியா."

"அது கன்னிமார் குடுக்கறது சார்."

"கன்னிமார் பாவம், ஓரமா குந்தினு கீறாங்க. அவங்க மேல போடாத. கால தண்ணியில வைக்காதீங்க, நூல நெருப்புல போடுங்க, துணியில வடிகட்டிக் குடிங்க. அவ்ளோதான்."

வீட்டுக்கு ஒரு வெள்ளைத் துணி கொடுத்துவிட்டுப் போனார். கீழ்நாட்டுக்காரன் பேச்சு என்று ஊர் அதில் கேழ்வரகு மாவு சலித்தது.

பாஞ்சாலிக்கு மட்டும் "ஒரு வருஷம், சரியா" என்ற வார்த்தை காதை விட்டுப் போகவில்லை. மறுநாள் குச்சிகளைக் கூரையிலிருந்து எடுத்து முறத்தில் வருஷம் வருஷமாகப் பிரித்து வைத்தாள். ஏழு வருஷத்தில் அப்படிச் செய்ய அவளுக்குத் தோன்றியதே இல்லை. முதல் வரிசையில் ஒரே குச்சி, சடையனுடையது. அதற்கு முன் இந்த ஊரில் இந்த நோய் இல்லை. அடுத்தது நாலு. அப்புறம் ஐந்து. அப்புறம் ஏழு. முறம் முழுக்கத் தேடினாள். மாதையன் வீட்டுக் கால் ஒன்றுகூட இல்லை. அவன் தம்பி வீட்டுக் காலும் இல்லை.

கடைசியாக அடுப்புக்கு மேலிருந்த குச்சியை எடுத்தாள். எழுபத்தேழாம் வருஷம். அர்ச்சுனனின் நூல் அறுபடாமல்தான் வந்தது. ஆனால் புண் ஆறவில்லை. நூல் முழுதாக வந்த பன்னிரண்டாம் நாள் வாய் பூட்டிக்கொண்டது. உடம்பு வில்லாக வளைய, மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டே கிடந்து செத்தான். அவன் குடித்தது எழுபத்தாறில். எழுபத்தாறில் அந்தப் படியில் எட்டுப் பேரை அவள் உட்கார வைத்திருந்தாள். ஒவ்வொருவர் காலையும் அவளே பிடித்துத் தண்ணீரில் விட்டிருந்தாள்.

அன்றிலிருந்து, பட்டப்பகலில் கிணற்றுக்கு இறங்கினால் மூன்றாம் படியில் யாரோ முதுகு காட்டி உட்கார்ந்து காலை ஆட்டுவது போல இருந்தது. தண்ணீர் கலங்கி வெளுக்கும். கிட்டே போனால் தெளிந்திருக்கும். வீட்டில் குடத்தை மூன்று தடவை வடிகட்டுவாள். வாயருகே கொண்டுபோகும்போது பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்கும். எடுத்துக் கீழே வைத்துவிடுவாள்.

வைகாசியில் அர்ச்சுனனின் பெண்சாதி சாந்தம்மாள் நொண்டிக்கொண்டே வந்தாள். எதிர் வீடு.

"யக்கா, எனக்கும் வந்துட்ச்சி. கன்னிமாருக்கு எங்க வூட்டு மேல தான் கண்ணு."

கிணற்றுப் பக்கம் திரும்பியவளைப் பாஞ்சாலி நிறுத்தினாள். "அங்க வாணாம். இங்கயே குந்து." ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னாக்கா இது, கோழிக்குத் தண்ணி காட்டற சட்டி? அவரு கால மட்டும் கெணத்துல வச்ச. நான் இன்னா எளப்பமா?"

பாஞ்சாலி அவள் காலைப் பிடித்துச் சட்டியில் விட்டாள். நான்கு விரற்கடை சுற்றினாள், குச்சியைத் துணியால் காலோடு கட்டினாள், சட்டித் தண்ணீரைக் கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் காய்ந்த பாறையில் கொண்டுபோய் ஊற்றினாள். நான்கு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாளும் சாந்தம்மாள் கேட்டாள்.

"அந்தத் தண்ணிய ஏன் சுடுபாறையில ஊத்தற? சொல்லேன்."

"சாந்தா, நூல கன்னிமார் குடுக்கல. நான் குடுத்தேன்."

கோபால்சாமி சொன்னதையும் முறத்தில் கண்டதையும் ஒன்று விடாமல் சொன்னாள். எழுபத்தாறையும் சொன்னாள். சாந்தம்மாள் தன் காலில் கட்டியிருந்த குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாவறப்ப அவரு வாயில தண்ணி வுட வந்தியே. அதுவும் அங்க மொண்டது தான?"

"ஆமா."

சாந்தம்மாள் எழுந்து போய்விட்டாள். ஆறாம் நாள் வரவில்லை. ஏழாம் நாளும் வரவில்லை. எதிர்க் கதவு சாத்தியே இருந்தது. பாதி சுற்றிய நூல் காய்ந்தால் அறும். அறுந்தால் இவளும் அவனைப் போலப் போவாள். அது ஒரு பயம். எரிச்சல் தாங்காமல் கிணற்றில் இறங்கினால் ஊரே மறு கோடையில் படுக்கும். அது இன்னொரு பயம். எது பெரிது என்று பாஞ்சாலிக்குத் தெரியவில்லை.

எட்டாம் நாள் விடிந்ததும் கிணற்றுக்குப் போனாள். மூன்றாம் படியில் யாரோ முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். இந்த முறை கிட்டே போன பிறகும் மறையவில்லை. சாந்தம்மாள். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே காலைத் தூக்கி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். குச்சி தொங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள வச்சா ஆறும், இல்ல?" என்றாள், திரும்பாமல்.

"ஆறும்."

"வைக்கலாம்னு தான் வந்தேன். எல்லாருக்கும் வரட்டும்னு." தூக்கிய காலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "கெங்கம்மா கொடத்தோட வந்தா. 'இன்னா சாந்தா, காலு எப்பிடி கீது'ன்னு கேட்டுட்டு, தோ, இங்க தான் மொண்டுனு போனா."

பாஞ்சாலி இரண்டு படி மேலேயே நின்றாள்.

"இன்னும் எத்தினி நாளு?"

"ஒம்பது."

"எடு. இங்க வாணாம், மேல போலாம்" என்றாள் சாந்தம்மாள்.

ஒன்பது நாளும் சாந்தம்மாள் வந்தாள். காலை நீட்டினாள், போனாள். ஒரு தடவைகூட அக்கா என்று கூப்பிடவில்லை. கடைசி நாள் நூலை அடுப்பில் போட்டார்கள். கன்னிமார் நூலைச் சுட்டால் ஊர் வேகும் என்றான் மாதையன். சாந்தம்மாள் அன்றே இலந்தை முள் வெட்டி வந்து மூன்றாம் படியில் உட்காரும் இடத்தில் பரப்பிக் கல் வைத்தாள். காலையும் மாலையும் அரிவாளோடு கிணற்று மேட்டில் நின்றாள். துணி கட்டாத குடம் இறங்கவில்லை; புண் உள்ள கால் கிட்டே வரவில்லை. எதற்கு என்று கேட்டவர்களிடம், "எம் புருஷன் கனாவுல வந்து சொன்னாரு" என்றாள். செத்தவன் பேச்சுக்கு ஊர் அடங்கியது. பாஞ்சாலியின் பெயரை அவள் எங்கும் சொல்லவில்லை.

ஆனால் அந்தச் சித்திரையில் குடித்தது குடித்ததுதான். ஒரு வருஷம் முழுக்கப் பாஞ்சாலி யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசவில்லை. கணுக்கால்களையே பார்த்தாள். களை எடுக்கும் கால்கள், சந்தைக்குப் போகும் கால்கள். எதற்குள் இருக்கிறதோ.

எண்பதாம் வருஷச் சித்திரையில் ஐந்து பேருக்கு வந்தது. நாலு பேருக்கு அவள் சட்டி வைத்துப் பாறையோரம் எடுத்தாள். ஐந்தாவது அவளுக்கே. குதிகாலுக்குப் பின்னால், தன் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில்.

மூன்றாம் நாள் எதிர்க் கதவு திறந்தது. சாந்தம்மாள் சட்டியோடு வந்தாள்.

"திரும்பிக் குந்து."

பாஞ்சாலி சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பின்னால் நடப்பது எதுவும் தெரியவில்லை. குச்சி சுற்றுவது மட்டும் எலும்பு வரைக்கும் தெரிந்தது. ஒரு வெடுக்கென்ற இழுப்புப் போதும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நின்றது. துணி கட்டும் கை.

"நாளைக்கு வர்றேன்."

பதினான்கு நாள் வந்தாள். கடைசி நாள் நூலை அடுப்பில் போட்டுவிட்டு, வெறுங்குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"இத்தயும் நெருப்புல போட்டுடு" என்றாள் பாஞ்சாலி.

சாந்தம்மாள் போடவில்லை. எட்டி, அடுப்புக்கு நேர் மேலே, அர்ச்சுனனின் குச்சிக்குப் பக்கத்தில் அதைச் செருகினாள். சட்டியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போய்க் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்கு வரவில்லை.

அடுத்த சித்திரையில் நாவக்கொல்லையில் யாருக்கும் வரவில்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. பாஞ்சாலி தினமும் அடுப்பு மூட்டினாள். புகை மேலே போய் இரண்டு குச்சிகளையும் சுற்றும். கேழ்வரகு வேகும் வரை அவள் தலையை நிமிர்த்த மாட்டாள்.