மீனுக்கு வெந்நீர் போடுகிறவர்

மூன்றாவது குவளை வெந்நீரை வாளியில் ஊற்றிவிட்டு, ஹீட்டர் மெக்கானிக் சமையலறைத் தரையில் குந்தி உட்கார்ந்தார். வாளிக்குள் தொங்கும் தெர்மாமீட்டரைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியிலோ ஆவி படிந்திருந்தது. சட்டை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு மூக்கு தண்ணீரில் முட்டும் அளவுக்குக் குனிந்தார். இருபத்தேழு. ஒரு குவளை பச்சைத் தண்ணீர் சேர்த்துக் கலக்கினார். இருபத்தாறேகால்.

"கால் டிகிரிக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டாங்க. தங்கமான ஆளுங்க" என்றார், கூடத்தைப் பார்த்து. கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் ஆரஞ்சு நிறத்தில் மூன்று மீன்கள், ஆளுக்கு அரை விரல் நீளம்.

அவரைத் தாண்டிக் காலெடுத்து வைத்து அடுப்பை அடைந்தார் மனைவி. "ஏங்க, கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். எனக்குக் குளிக்கத் தண்ணி சரியா இருக்கான்னு ஒரு நாளாவது இப்படிக் குனிஞ்சு பாத்திருக்கீங்களா?"

"நீ தாங்குவே. இதுங்க தாங்காது."

"எதைத் தாங்குறேன், உங்களையா?"

"அதையும் சேத்துத்தான் சொல்றேன்."

ஊரில் பாதி வீடுகளுக்கு வெந்நீர் இவர் கையால்தான் வருகிறது. முப்பது வருடத் தொழில். 'வெந்நீர் அண்ணன்' என்றால் பால்காரர்கூட வழி காட்டுவார். குளிர் மாதங்களில் சோறு தின்ன நேரம் இருக்காது. வெயில் மாதங்களில் தேடி வர ஆள் இருக்காது. சூடான குழாய்களைப் பிடித்துப் பிடித்து வலது உள்ளங்கை செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. கொதிக்கிற தேநீர்த் தம்ளரைச் சாதாரணமாகப் பிடித்துக்கொண்டு நின்று கதை பேசுவார். பார்ப்பவர்களுக்குத்தான் கை பதறும்.

மீன் வளர்க்கச் சொன்னது டாக்டர். ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தது. தினமும் கால் மணி நேரம் எதையாவது அமைதியாகப் பாருங்கள் என்றாராம். "சரின்னு தொட்டி வாங்கினேன். இப்ப வாரம் ஆறு நாள் பிரஷர் இறங்குது, சனிக்கிழமை தண்ணி மாத்தும்போது மொத்தமா ஏறிடுது. கணக்கு சமம்" என்பார்.

சனிக்கிழமை வேலை, வெள்ளி மாலையே தொடங்கிவிடும். பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து, குழாயில் தங்கிய நீர் போகட்டும் என்று சற்று ஓடவிட்டு, பிறகுதான் பிடிப்பார். அதற்கென்று ஒரு நீல வாளி. அதில் சோப்பு படக் கூடாது, துணி படக் கூடாது, விருந்தாளி கை படக் கூடாது. ஒரு முறை மனைவி மறதியாக அதில் தரை துடைக்கும் துணியை அலசிவிட்டார். அன்றே புது வாளி வந்தது. பழையது மாடிச் செடிகளுக்குப் போனது. மறுநாள் காலையில் கொஞ்சம் தண்ணீரை மட்டும் எவர்சில்வர் பாத்திரத்தில் அடுப்பிலேற்றிச் சுட வைத்து, மீதியோடு குவளை குவளையாகச் சேர்ப்பார். குளோரினை முறிக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக, வாய்விட்டு எண்ணி விடுவார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பி, வாளி முழுவதும் செடிக்குப் போய், எல்லாம் முதலிலிருந்து ஆரம்பமாகும். தொட்டியில் கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதியதை மெல்லிய குழாய் வழியே இறக்குவார், தூங்கும் குழந்தைக்குப் போர்வை இழுத்து விடுவதுபோல.

ஹீட்டர்க்காரர் வீட்டில் ஹீட்டர் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. கதையே அதுதான்.

போன குளிருக்குத் தன் வீட்டுக்குப் புது ஹீட்டரும் பளபளவென்று புதுச் செம்புக் குழாயும் போட்டார். அந்தச் சனிக்கிழமை பெருமையோடு குளியலறைக் குழாயைத் திறந்து, இரவெல்லாம் உள்ளே கிடந்த வெந்நீரை அப்படியே வாளியில் பிடித்தார். சூடு சரியா என்று அந்த வலது கையை விட்டுப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது, அந்தக் கைக்கு. மதியத்துக்குள், தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் பிடியை விட்டுப் பொத்துப் பொத்தென்று விழுந்தன. மாலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. அவர் ஜலதோஷம் என்று நினைத்து இன்னும் ஒரு வாளி வெந்நீர் ஊற்றினார்.

மூன்றாம் நாள், மிச்சமிருந்தவற்றை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்க மீன் கடைக்குப் போனார். கடைக்காரர் முதலில் கேட்டது இதைத்தான். "அண்ணே, வெந்நீர் எந்தக் குழாய்ல பிடிச்சீங்க?"

சொன்னார்.

"புதுச் செம்பா? ராத்திரி பூரா வெந்நீர் அதுல ஊறியிருக்கும். செம்பு தண்ணியில இறங்கிடுச்சு. நமக்கு ஒண்ணும் தெரியாது. நத்தைக்கும் மீனுக்கும் அது விஷம்ணே. சூடும் கையில பாத்தீங்களா? போச்சு போங்க."

ஒன்பது மீன்களில் ஆறு போயின. நத்தை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அன்றிலிருந்து போகிற வீட்டிலெல்லாம் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். ஏணியில் நின்றபடி, ஸ்க்ரூவைப் பல்லில் கடித்தபடி சொல்வார். "முப்பது வருஷமா ஊருக்கே வெந்நீர் போடுறேன். அரை விரல் மீனுக்குப் போடத் தெரியல. ஜலதோஷம்னு வைத்தியம் வேற பாத்தேன் பாருங்க, என் மண்டைய எதுல கொண்டுபோய் முட்டிக்க?" கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கதை கொஞ்சம் வளரும். அவர் கொஞ்சம் கூடுதல் முட்டாளாவார். சிரிக்கச் சிரிக்க மனம் இலேசாகும். மற்றவர்கள் ஏசுவதற்குள் தானே ஏசிக்கொண்டால் வலிக்காது என்பதை அவர் எப்போதோ கண்டுபிடித்திருந்தார்.

இந்த வருடக் குளிர் தொடங்கியபோது, ஓய்வு பெற்ற டீச்சரம்மா வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஹீட்டர் சூடாகவில்லை. இரண்டு வருடம் முன்பு இவர் மாட்டியதுதான். உள்ளே ஒரு பாகம் போயிருந்தது. மாற்றிவிட்டு வந்து கூடத்தில் தேநீர் குடித்தார். டீச்சரம்மாவின் கணவர், முன்னாள் பஸ் ஓட்டுநர், எதிரே உட்கார்ந்திருந்தார். டீச்சரம்மா தட்டில் பிஸ்கட் வைக்க, "போதும் போதும், மீனுக்குப் போட்ட மாதிரி போடாதே" என்றார் அவர். டீச்சரம்மா கையை இழுத்துக்கொண்டார்.

மீன் என்ற சொல் காதில் விழுந்ததுமே நம்மவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கதையை எடுத்துவிட்டார். நத்தைகள் விழுந்தன, மீன்கள் வாய் பிளந்தன, ஜலதோஷ வைத்தியம் நடந்தது. சிரிப்பு வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வரவில்லை.

"செம்புக் குழாய்லயா?" என்றார் டீச்சரம்மா. "எங்களுக்கும் அதுதானே போட்டீங்க?"

அப்போதுதான் மூலையில் இருந்த கண்ணாடித் தொட்டியை மெக்கானிக் பார்த்தார். தண்ணீர் இல்லை. பழைய செய்தித்தாள்கள் அடுக்கியிருந்தன.

"எங்களுக்கும் நத்தைதான் முதல்ல விழுந்துச்சு" என்றார் டீச்சரம்மா. குரல் உயரவில்லை, வகுப்பில் பாடம் ஒப்பிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக வந்தது. "நீங்க மாட்டிட்டுக் கிளம்பும்போது கேட்டேன், இந்த வெந்நீரைத் தொட்டியில கலக்கலாமான்னு. 'குழந்தைக்கே ஊத்தலாம்மா, மீனுக்கு என்ன'ன்னு சொன்னீங்க. அதனால தண்ணிய நான் சந்தேகப்படவே இல்ல. பதினாலு மீன். நான்தான் தீனிய அள்ளிக் கொட்டிக் கொன்னுட்டேன்னு இவர் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன்."

மெக்கானிக்குக்கு அது நினைவே இல்லை. ஆனால் அந்த வாக்கியம் தன்னுடையதுதான் என்பதில் சந்தேகமும் இல்லை. அப்படித்தான் எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு வருவார். தப்பிக்க வழிகள் வரிசையாக மனதில் வந்து நின்றன. மீனுக்கு வயசாகியிருக்கும். குளோரின் கூடியிருக்கும். இரண்டு வருடக் கதை, யாரால் நிச்சயமாகச் சொல்ல முடியும்? எல்லாமே நியாயம்போலத்தான் இருந்தன. எப்போதும் கை கொடுக்கும் கேலியையும் தேடிப் பார்த்தார். தன்னை எவ்வளவு பெரிய முட்டாளாக்கிக் காட்டினாலும், இந்த அம்மாள் இரண்டு வருடம் வாங்கிய பேச்சு திரும்பிப் போகாது.

தம்ளரைக் கீழே வைத்தார்.

"என் மேலதான்மா தப்பு. தெரியாத விஷயத்தைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்." பிறகு பஸ்காரரைப் பார்த்து, "அண்ணே, தீனி இல்லண்ணே. நத்தை முதல்ல விழுந்துச்சுன்னா அது தண்ணிதான். அவங்களை இனிமே சொல்லாதீங்க. சொல்லணும்னா என்னைக் கூப்பிட்டுச் சொல்லுங்க, நான் வந்து வாங்கிக்கிறேன்" என்றார்.

பஸ்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்ப எப்படித்தான் தண்ணி போடணுமாம்? அவகிட்ட விவரமாச் சொல்லுங்க" என்றார். மனைவியின் முகத்தைப் பார்க்காமலே பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தார். மூலைக்குப் போய்த் தொட்டியிலிருந்து செய்தித்தாள்களை எடுத்துக் கீழே வைக்கத் தொடங்கினார்.

மெக்கானிக் சொன்னார். தெரிந்ததை மட்டும் சொன்னார். தெரியாத இரண்டு கேள்விகளுக்கு, "அது எனக்குத் தெரியாதும்மா, மீன் கடையில கேட்டுச் சொல்றேன்" என்றார். முப்பது வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் அந்த வாக்கியத்தை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. டீச்சரம்மா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

கிளம்பும்போது, "ஒரு நிமிஷம்மா, எழுதுற பேனா ஏதாவது இருக்கா, மை அழியாததா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு மறுபடி குளியலறைக்குப் போனார். ஹீட்டரின் வெள்ளை வயிற்றில், தானே ஒட்டிய தொலைபேசி எண்ணுக்குக் கீழே, 'இந்தத் தண்ணீர் மீனுக்கு ஆகாது' என்று பெரிய எழுத்தில் எழுதினார். ஒரு கணம் யோசித்துவிட்டு, அதன் கீழ் தன் கையெழுத்தையும் போட்டார்.