கடைசி அத்தியாயம் கடையில் கிடைக்கும்

என் மாமா ஒரு புத்தகத்தை யாருக்காவது படிக்கக் கொடுக்க நினைத்துவிட்டால், அதை அந்த ஆள் கண்ணில் படும்படி எடுத்து வைத்துவிட்டு, "இது உங்களுக்கு ஆகாது" என்று சொல்லுவார். அவ்வளவுதான் அவருடைய சிபாரிசு. அருமையான புத்தகம், ஆகா ஓகோ என்றெல்லாம் ஒருநாளும் சொன்னதில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில் அவர் வைத்திருந்தது ஜெராக்ஸ் கடை. சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் நகல் எடுக்க வருகிறவர்கள் கொஞ்ச நேரம் சும்மா நிற்க வேண்டியிருக்கும். அப்படி நிற்கும்போது அவர்கள் பார்வை எங்கே போகுமோ, அங்கேதான் மாமா தன் புத்தக அலமாரியை வைத்திருந்தார்.

அந்த அலமாரியில் பழைய புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. அந்த வருஷமோ அதற்கு முந்தின வருஷமோ வந்த நாவல்களும் தன்வரலாறுகளும் மட்டும்தான். "செத்துப்போனவங்க எழுதினதெல்லாம் லைப்ரரில பத்திரமா இருக்குது. உயிரோட இருக்கறவங்க எழுதறத யாரு படிக்கறது?" என்பது அவர் கட்சி. மலைப்பாதையில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவரின் வாழ்க்கைக் கதை, பிரசவ வார்டில் ஆயாவாக இருந்த ஓர் அம்மாள் சொல்லச் சொல்ல மகள் எழுதியது, வீடு மாறிக்கொண்டே இருக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றிய நாவல் என்று மாதம் நாலைந்து வந்து சேரும். மாமா முதலில் தான் படிப்பார். பிறகு யாருக்குக் கொடுக்கலாம் என்று மாப்பிள்ளை தேடுகிற மாதிரி யோசிப்பார். ரிட்டயராக மூன்று மாதமே பாக்கி இருந்த ஒரு கிளார்க்கிடம் பஸ் டிரைவர் புத்தகத்தைக் காட்டி, "சார், இத மட்டும் தொடாதீங்க. வேலைய விட்டப்புறம் வீட்ல சும்மா உக்காந்திருக்கறத பத்தி எழுதியிருக்காரு. உங்களுக்கு ஆகாது" என்றார். கிளார்க் அதை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார்.

கொடுப்பது சுலபம், திரும்பி வாங்குவதுதான் பெரும்பாடு. போன புத்தகங்களில் பாதி போன இடத்திலேயே தங்கிவிட்டன. மாமா யாரிடமும் வாய்விட்டுக் கேட்கிறவரும் இல்லை. அதற்காக அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கடையில் பைண்டிங் வேலைக்கு ஒரு கத்தி இருந்தது. புதுப் புத்தகத்தைப் படித்து முடித்த கையோடு, அதன் கடைசி அத்தியாயத்தை மட்டும் நறுக்கி எடுத்து, காக்கி அட்டை போட்டு ஸ்டேப்ளர் பின் அடித்து, மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவார். மீதிப் புத்தகத்தின் முடிவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: 'கடைசி அத்தியாயம் கடையில் கிடைக்கும்.'

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் இழுப்பறை திறக்கும். அதையும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. கடையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அங்கேயே படித்துவிட்டுப் போக வேண்டும். மாமாவைத் திட்டாதவர்கள் இல்லை, ஆனால் எல்லோரும் வந்தார்கள். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் பட்டு வேட்டியில் கிளம்பிய ஒருவர், வழியில் வண்டியை நிறுத்தி, உட்கார்ந்து படித்துவிட்டுப் போனதை நானே பார்த்தேன். அந்த அத்தியாயத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடேன் என்று கேட்டவர்களிடம் மட்டும்தான் மாமாவுக்குக் கோபம் வரும். "எழுதினவங்க வயித்துல அடிக்கறதுக்கு நான் இந்த மெஷின வாங்கல" என்பார். யாருக்காகவும் அவர் அந்த விதியைத் தளர்த்தியதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. அடி அண்ணாமலை கிராமத்தில் டீச்சராக இருந்த அம்மா வீடு திரும்ப ஆறு மணி ஆகும் என்பதால், ஸ்கூல் வேன் என்னை மாமா கடையில் இறக்கிவிட்டுப் போகும். மாமா அம்மாவுக்குத் தம்பி, முப்பத்தைந்தைத் தொட்டிருந்தார். பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும், ஜெராக்ஸ் கடையா என்று இழுத்து, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவே இல்லை. அம்மா மூன்றாவது இடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், மாமா மெஷினைத் திறந்துவைத்துக்கொண்டு பிரஷ்ஷால் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அம்மா என்னிடம் வந்து, உன் மாமா இப்படியே இருந்துவிடப் போகிறான் என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரங்களில் ஓர் அக்கா கடைக்கு வருவார். கலெக்டர் ஆபீஸில் டைப்பிஸ்ட், கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். முதல்முறை மாமா வழக்கம்போல "இது உங்களுக்கு ஆகாது மேடம்" என்றபோது, "ஆகுமா ஆகாதான்னு படிச்சிட்டு நான் சொல்றேன் சார்" என்று வாங்கிப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை அதைத் திருப்பிக் கொடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் படித்தார். அதிலிருந்து வாரம் ஒரு புத்தகம்.

மற்றவர்கள் கால் மணி நேரத்தில் முடிப்பதை இந்த அக்கா முக்கால் மணி நேரம் படிப்பார். இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி எதையாவது சொல்லுவார். மாமா மெஷினை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுவார்.

"அந்த ஆயாம்மா போய் மகன மன்னிச்சது எனக்குப் புடிக்கல சார்."

"மன்னிக்கல மேடம். சோறு போட்டாங்க. அது வேற, இது வேற."

"ரெண்டும் ஒண்ணுதான் சார். வீட்ல சோறு போடறவங்கள கேட்டுப் பாருங்க."

இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே கீழ்பென்னாத்தூர் பஸ் ஒன்று போகும். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி படிப்பார். அடுத்த பஸ்ஸும் போகும். எனக்குப் பாவமாக இருக்கும். ஒரு பத்துப் பக்கத்துக்காக இந்த அக்காவை இப்படிக் காக்க வைக்கிறாரே, மாமாவுக்கு இரக்கமே கிடையாதா என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு பௌர்ணமி வெள்ளிக்கிழமையாக வாய்த்தது. கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்களை எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அக்கா வெகுதூரம் நடந்து, கிடைத்த பஸ்ஸில் தொங்காத குறையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார். அடுத்த வாரம் வந்தபோது முகமே சரியில்லை. "அப்பா ரொம்ப திட்டிட்டாரு சார். ஆவணிக்குள்ள ஏதோ ஒரு எடத்த பாத்து முடிச்சுடறேன்னு குதிக்கறாரு" என்றார். மாமா யாரும் கேட்காத ஒரு காகிதத்தை எடுத்து நாலு நகல் எடுத்தார்.

அந்த அக்காவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் கட்டுரை நோட்டை வாங்கிப் படித்து, நன்றாக எழுதுகிறாயே என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவர் திட்டு வாங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை. மறுவாரம் மாமா மெஷினுக்கு டோனர் மை வாங்க டவுனுக்குப் போன ஒரு மத்தியானம், பள்ளிக்கூடம் லீவு, கடையில் நான் மட்டும் இருந்தேன். இழுப்பறையின் சாவி ஆணியில் தொங்கியது. அக்கா இன்னும் படிக்காத புத்தகங்களின் கடைசி அத்தியாயங்கள் ஏழு இருந்தன. ஏழையும் ஜெராக்ஸ் எடுத்தேன். சில பக்கம் கோணலாக விழுந்தது, சிலதில் என் கட்டைவிரலும் விழுந்தது. துளை போட்டு, சுருள் கம்பி மாட்டி, மேலே ரோஸ் நிற அட்டையும் வைத்தேன். வேலை முடிந்தபோது எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது.

வியாழக்கிழமை சாயந்திரம் பஸ் ஸ்டாப்புக்கு ஓடிப்போய் அக்காவிடம் கொடுத்தேன். நானாகக் கொடுத்தேன் என்றால் வாங்கமாட்டாரோ என்று ஒரு சந்தேகம். அதனால், "மாமா குடுக்கச் சொன்னாரு. இனிமே நீங்க கடைக்கு வர வேணாமாம்" என்றேன்.

அக்கா பிரித்துப் பார்த்தார். "ஜெராக்ஸா? உங்க மாமாவா எடுத்தாரு?"

"ஆமாக்கா. உங்களுக்காகத்தான் எடுத்தாரு."

அவர் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். என்னிடம் தேங்க்ஸ் என்றுகூடச் சொல்லவில்லை. வந்த முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டார். இனிமேல் சீக்கிரம் வீட்டுக்குப் போவார், திட்டு விழாது என்று நான் துள்ளிக்கொண்டு கடைக்கு வந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அக்கா வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. மாமா வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தார். பத்து நகல் கேட்டவருக்கு நூறு எடுத்துக் கொடுத்து ஏச்சு வாங்கினார். மூன்றாவது வாரம், படிக்க ஏதாவது கொடு என்று வந்த கிளார்க்கிடம் ஆகும் ஆகாது என்று எதுவும் சொல்லாமல், கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொடுத்தார். கூடவே இழுப்பறையைத் திறந்து கடைசி அத்தியாயத்தையும் கொடுத்துவிட்டார். கிளார்க் பயந்துபோய், "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அக்கா எடுத்துப் போன புத்தகம் திரும்பி வரவில்லையே என்றுதான் மாமா கவலைப்படுகிறார் என்று எனக்குத் தோன்றியது. தைரியம் சொல்லப் போனேன்.

"விடு மாமா. அக்கா இனிமே வரத் தேவையே இல்ல. எல்லா கடைசி அத்தியாயத்தையும் நான் ஜெராக்ஸ் எடுத்து குடுத்துட்டேன்."

"என்னான்னு சொல்லி குடுத்த?"

சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். மாமா அங்கிருந்த பேப்பர் பண்டல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. எழுந்து மெஷினை அணைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை என்கூட வா. நீ சொன்னது நீயேதான் வந்து சொல்லணும்" என்றார்.

மாமாவின் பைக்கில் கீழ்பென்னாத்தூர் போய், கேட்டுக் கேட்டு அக்கா வீட்டைக் கண்டுபிடித்தோம். வழியெல்லாம் மாமா தனக்குத்தானே எதையோ பேசிப் பார்த்துக்கொண்டு வந்தார். அக்காவின் அப்பா வாசலில் வேர்க்கடலையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். "மல்லாட்டைய மெதிக்காம வாங்க. யாரு வேணும்?" என்றார். மாமா பதில் சொல்வதற்குள் அக்கா கதவுக்கு வந்துவிட்டார். மாமா எதை ஒத்திகை பார்த்தாரோ அதெல்லாம் மறந்துபோய், "மேடம், அந்த ஜெராக்ஸ் நான் எடுக்கல" என்றார்.

"எந்த ஜெராக்ஸு? இன்னா சமாச்சாரம்?" என்றார் அப்பா.

எல்லோரும் கூடத்துக்குள் போனோம். நான்தான் எடுத்தேன், மாமாவுக்குத் தெரியாது, வர வேண்டாம் என்று மாமா சொல்லவே இல்லை, அக்கா பஸ்ஸை விடுவது பாவமாக இருந்தது என்று அழுதுகொண்டே சொன்னேன். அக்கா என் கண்ணைத் துடைத்துவிட்டு, "சரி விடு. அழாத" என்றார். ஆனால் அவரும் அழுகிற மாதிரிதான் இருந்தார். மாமாவோ நின்ற இடத்திலேயே நின்றார்.

அப்போதுதான் அந்த அலமாரியைப் பார்த்தேன். கூடத்தின் மூலையில் இருந்தது. அதில் பஸ் டிரைவர் இருந்தார், ஆயாம்மா இருந்தார், வீடு மாறும் குடும்பம் இருந்தது. மாமா கடையில் அக்கா வாங்கிப் படித்த அத்தனை புத்தகமும் இருந்தன. ஒன்றை உருவிக் கடைசியில் திருப்பினேன். நறுக்கவில்லை, சீட்டு ஒட்டவில்லை, கடைசி அத்தியாயம் அதனதன் இடத்தில் இருந்தது.

"மாமா! உன் புக்கெல்லாம் இங்க இருக்கு! முழுசா இருக்கு!" என்று கத்தினேன்.

அக்காவின் அப்பா சிரித்தார். "அது அவளோட புக்கும்மா. புதுசா இன்னா வந்தாலும் தபால்ல வரவழைச்சு, வந்த ராத்திரியே படிச்சு முடிச்சிடுவா. ஒரு வருஷமா சேந்தது அதெல்லாம்."

"அப்புறம் எதுக்கு எங்க மாமா கடைக்கு வாராவாரம் வந்து கடைசி அத்தியாயம் படிச்சாங்க?"

அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். அக்கா சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் தேதி பார்க்கத் தொடங்கினார். பிறகு, "காபி போடறேன்" என்று உள்ளே போய்விட்டார். காபியில் சர்க்கரை வேண்டுமா, கம்மியா ஜாஸ்தியா என்று யாரையும் கேட்கவில்லை.

அப்பா மாமாவைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். "மொதல்ல உக்காருங்க தம்பி" என்று தன் தோள் துண்டால் நாற்காலியைத் தட்டினார். "எந்த எடத்தக் காட்டினாலும் வேணாம் வேணாம்னு சொல்றாளே, இன்னாதான் இவளுக்குன்னு தலைய பிச்சிகினு இருந்தேன். உங்க வீட்ல பெரியவங்க யாரு?"

"எங்க அக்கா இருக்காங்க. டீச்சரு" என்றார் மாமா.

"வர்ற ஞாயித்துக்கிழமை அவங்கள கூட்டிகினு வாங்க."

புத்தக விஷயத்துக்கு எதற்கு அம்மாவைக் கூப்பிடுகிறார், என்மேல் புகார் சொல்லவா என்று எனக்கு நடுக்கமாகிவிட்டது. அதைவிட, அக்காவின் குட்டு இப்படி வெளிப்பட்ட பிறகும் மாமா அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. திரும்பி வரும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்து, அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"மாமா, உனக்கு இன்னுமா புரியல? எல்லா முடிவும் அந்த அக்காவுக்கு முன்னாடியே தெரியும். ஒண்ணுமே தெரியாத மாதிரி ஒரு வருஷமா உன்ன ஏமாத்தியிருக்காங்க!"

"ஆமா பாப்பா, ஏமாத்திட்டாங்க" என்றார் மாமா. சொல்லிவிட்டு, வெற்று ரோட்டில் யாருமே குறுக்கே வராதபோது ஹாரனை இரண்டுமுறை அடித்தார். எனக்கு அவரை நினைத்தால் கவலையாகத்தான் இருந்தது. இத்தனை புத்தகம் படித்தும் இந்த மனிதருக்கு விவரமே வரவில்லையே, இவரை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்யப் போகிறாள் என்று எண்ணியபடியே ஊர் வந்து சேர்ந்தேன்.