இரண்டு கார்டுக்கு ஒரே எண்

காட்டூர் பேட்ரிசியாவுக்குப் பதினான்கு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் பிழைப்பு. கடை கிடையாது, ஒரு ஸ்கூட்டர், ஒரு பை, ஒரு போன். அவர் கை வைத்தால் மறுபடி கூப்பிட வேண்டியதில்லை என்று திருச்சியில் நாலு பேர் சொல்வார்கள். அந்தப் பேரை அவர் பெரிதாக நினைத்தார்.

ஸ்ரீரங்கத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் ஜெயக்குமார் அந்த வாரத்தில் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார்.

"ரிசப்ஷன் பொண்ணு சிஸ்டத்தைப் போட்டாலே லேப் சிஸ்டத்துல நெட்வொர்க் அறுந்து போகுதுங்க. எதையோ அமுக்கிடுது. இந்த மாசத்தோட நின்னுக்கச் சொல்லிட்டேன்."

அந்த ரிசப்ஷன் பெண் சுபலட்சுமி சேர்ந்து பதினைந்து நாள்தான். அதுவரை ரிசப்ஷன் சிஸ்டம் மூடிக் கிடந்தது.

"ஆன் மட்டும்தாங்க்கா பண்றேன்" என்றாள், பார்க்க வந்த பேட்ரிசியாவிடம். கண் சிவந்திருந்தது.

பேட்ரிசியா கேபிளை மாற்றிப் பார்த்தார். தனித்தனியாக இரண்டு சிஸ்டமும் நன்றாக ஓடின. சேர்ந்து ஓடினால் மாறி மாறி இணைப்பு அறுந்தது. கடைசியில் இரண்டின் நெட்வொர்க் கார்டு எண்ணையும் தாளில் எழுதினார். எண்ணும் எழுத்துமாகப் பன்னிரண்டும் ஒன்றாகவே இருந்தன.

ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் வேறெதற்கும் இல்லாத தனி எண்ணை, அதிலுள்ள சின்ன சிப்பில் பதித்து அனுப்ப வேண்டியது தயாரிப்பவர் பொறுப்பு. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் அதைப் படித்து அப்படியே நெட்வொர்க்குக்குச் சொல்லும். வேறு யாருக்காவது அதே எண் இருக்கிறதா என்று விசாரிக்காது; இருந்தால் எதற்கு அனுப்புவது என்று நெட்வொர்க் குழம்பிவிடும்.

போன மாதம் இடி மின்னலில் பழையவை போனபோது, பெயர் தெரியாத தயாரிப்பில் இந்த இரண்டையும் வாங்கி மாட்டியது பேட்ரிசியாதான்.

டிரைவர் செட்டிங்கில் ஒன்றுக்கு வேறு எண் கொடுத்தார். இரண்டு நிமிட வேலை. இரண்டு சிஸ்டமும் சேர்ந்தே ஓடின. பையை மூடிவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது.

"நான் என்னக்கா தப்பு பண்ணேன்? சொன்னா இனிமே பண்ண மாட்டேன்" என்றாள் சுபலட்சுமி.

பேட்ரிசியா நேராக ஜெயக்குமாரின் அறைக்குப் போனார்.

"சார், அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நான் போட்ட ரெண்டு கார்டுலயும் ஒரே நம்பர். செக் பண்ணாம மாட்டிட்டேன். இப்ப ஓடுது, ஆனா சிப்புல பழைய நம்பர்தான் இருக்கு, விண்டோஸ் மாத்திப் போட்டா திரும்ப வந்துடும். நாளைக்கு வேற கார்டு போட்டுத் தரேன்."

ஜெயக்குமார், "இத மொத நாளே பார்த்திருக்கலாமேம்மா" என்றார்.

"பார்த்திருக்கணுங்க."

மறுநாள் பேட்ரிசியா புதுக் கார்டு மாட்டும்போது ஜெயக்குமார் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அடுத்த மாதமும் வேலைக்கு வரச் சொல்லிவிட்ட சுபலட்சுமி ரிசப்ஷனில் உட்கார்ந்து ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தாள்.