மணியடிக்கும் நேரத்து வசூல்

அவனுக்குத் தெருவில் 'கதவு' என்று பெயர். மூன்றாவது உதையில் எந்தக் கதவும் திறந்துவிடும் என்பதால் வந்தது. படிப்புக் கடன் வாங்கித் திருப்பிக் கட்டாதவர்களிடம் வசூலிக்கும் ஆபீஸில் வேலை. கட்டாதவனின் பைக்கைக் கீழே தள்ளுவான், டிவியைத் தூக்கித் தரையில் போடுவான், அதற்கும் அசையாதவனை அடிப்பான். விரல் முட்டிகளில் தோல் உரிந்து உரிந்து காய்த்திருந்தது.

வாத்தியார்களுக்கு மட்டும் அவன் தனி வழி வைத்திருந்தான். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வாசலில் போய் நிற்பான். பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று பணம் தானாக வரும்.

அப்படிப்பட்டவனின் தங்கைக்கு டீச்சர் ஆக வேண்டும். பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்க்கிறாள், ஷிப்ட் முடிந்து வந்தால் விரல் நுனியெல்லாம் அட்டை கிழித்த கோடுகள். ஆசிரியர் படிப்புக்குச் சீட்டு கிடைத்துவிட்டது. கடனுக்கு ஜாமீன் கையெழுத்துதான் பாக்கி. அம்மாவுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. மிச்சம் அவன் ஒருவன்தான்.

அவள் கேட்டதும் அவன் வீசிய சாப்பாட்டுத் தட்டு சுவரில் மோதியது.

"நாலு வருஷம் சம்பளம் போச்சு. மேல கடன். படிச்சு முடிச்சா முதல் சம்பளம் உன் பாக்கிங் சம்பளத்தை விடக் கம்மி. தெரியுமா உனக்கு?"

"தெரியும். அஞ்சாறு வருஷம் போனா ஏறும்ணா. பாக்கிங்ல சாகுற வரைக்கும் இதே சம்பளம்தான்."

"அந்த அஞ்சாறு வருஷத்துலதான்டி என்னை மாதிரி ஒருத்தன் வருவான்!"

"வரட்டும்."

"நாளைக்கு லீவு போட்டுட்டு என்கூட வா. காட்டுறேன்."

தட்டைப் பொறுக்கிய அம்மா, "நெளிஞ்சு போச்சு. இனி இதுலதான் உனக்குச் சோறு" என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் தங்கையைப் பைக் பக்கத்தில் நிறுத்தினான். மணி அடித்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு ஒல்லியான இளைஞன் ஒருவன் வந்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத வாத்தியார், சட்டைக் கையில் சாக்பீஸ் தூள்.

"சார், ரெண்டு தவணை நிக்குது."

"பிள்ளைங்களை அனுப்பிட்டு வரேன். உள்ள பேசலாம்."

"இங்கயே பேசுவோம்."

சட்டையைப் பிடித்து இழுத்து ஓர் அறை விட்டான். கண்ணாடி பறந்தது. வழக்கமாக இந்த இடத்தில் பர்ஸ் வெளியே வரும். இந்த வாத்தியார் திருப்பிக் குத்திவிட்டான். அவ்வளவுதான், கதவுக்கு வெறி ஏறியது. கீழே தள்ளி விலாவில் உதைத்தான். மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் இறங்க வாத்தியார் சுருண்டுகிடந்தான். ஒரு பிள்ளை வீறிட்டது. கதவு மறுபடி காலை ஓங்கினான்.

தங்கை பைக்கில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்து அண்ணனின் வாயிலேயே அடித்தாள். முன்பல் ஒன்று தெறித்தது. அடித்தது யார் என்று பார்க்காமலே அவன் முழு வேகத்தில் கையை வீசினான். அவள் ஹெல்மெட்டை முகத்துக்கு நேரே தூக்கினாள். முஷ்டி அதில் மோதி நறுக்கென்றது, வழுக்கிப் போய் அவள் புருவத்தைக் கிழித்தது.

அப்புறம்தான் அவளைப் பார்த்தான்.

வாத்தியார் எழுந்தான். கண்ணாடியைக் கூடத் தேடவில்லை. மூக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "வரிசை கலையக் கூடாது. ஒண்ணு... ரெண்டு..." என்று தலைகளை எண்ணத் தொடங்கினான். புருவத்து ரத்தத்தைத் துடைக்க மறந்து தங்கை அவன் கடைசித் தலை வரை எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அம்மா இருவரையும் பார்த்தாள். யார் யாரை அடித்தது என்று விசாரிக்கவில்லை. கரண்டியால் மகன் முதுகில் நாலு போட்டாள், பிறகு மகளின் புருவத்தை வெந்நீரில் துடைத்தாள்.

"இன்னும் படிக்கணுமா உனக்கு?" வீங்கிய உதட்டோடு கேட்டான்.

"படிக்கணும். வழியெல்லாம் கணக்குப் போட்டுட்டுதான் வந்தேன். ராத்திரி ஷிப்டை விடமாட்டேன். படிக்கும்போதே வட்டியைக் கட்டிடுவேன். அசல் மட்டும்தான் நிக்கும்."

வட்டி குட்டி போட்டு ஆளை அமுக்குவதைத் தினமும் பார்க்கிறவன் அவன். வட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவர்களின் கதவை அவன் அநேகமாக உதைத்ததில்லை.

"நீ கட்டலைன்னா என் கதவுக்குத்தான் வருவாங்க. எங்க ஆபீஸ் ஆளே வருவான்."

"நல்லா உதைப்பானா?" என்றாள் அம்மா.

"என்னை விட நல்லா."

"அப்ப இரும்புக் கதவு போட்டுடலாம். கையெழுத்தைப் போடுடா."

போட்டான். விரல் இரண்டு முறிந்திருந்ததால் அது கோழி கிளறியது மாதிரி இருந்தது. அடையாள அட்டையில் உள்ள பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கடன் கொடுக்கும் ஆபீஸ் திருப்பி அனுப்பியது. கல்லூரியில் பணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. வசூலுக்கு இனி பள்ளிக்கூடங்களை வேறு ஆளுக்குக் கொடுங்கள் என்று அவன் தன் ஆபீஸில் சொல்லிவிட்டான். வேலையை மட்டும் விடவில்லை.

தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும், தையல் போட்ட புருவத்தோடு அவன் எதிரில் வந்து நிற்பாள்.

"மடக்கிக் காட்டு."

முறிந்த விரல்கள் பாதிதான் மடங்கும், பல்லைக் கடிப்பான். உள்ளே போய்விடுவாள்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் விரல்கள் முழுதாக மடங்கின. அவள் முகத்துக்கு நேரே அந்த முஷ்டி இறுகியது. அவள் தன்னையறியாமல் ஓரடி பின்னால் போனாள்.

அவன் அதைப் பார்த்தான். கையை மெல்ல விரித்து, உள்ளங்கையை மேலாக நீட்டினான்.

"பேனாவைக் கொடு."