நைட் ஷிப்டு ஆம்பளைங்களும் எங்க வாட்டர் கலர் சங்கமும்

எங்க வூட்டு ஹால்ல என் வூட்டுக்காரரோட வாட்டர் கலர் படம் ஒண்ணு தொங்குது. கண்ணை மூடிப் படுத்துகினு கீறாரு, கழுத்துல ரோஜாப்பூ மாலை. புதுசா வர்றவங்க அதைப் பாத்ததும் குரலைத் தாழ்த்தி, "எப்பம்மா ஆச்சு?"ன்னு கேப்பாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவரே உள்ளருந்து டீ கொண்டாந்து குடுப்பாரு. ஒரு அம்மா டம்ளரோட தெருவுக்கே ஓடிடுச்சு. டம்ளர் இன்னும் வரல.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் எங்க பொம்பளைங்க வாட்டர் கலர் சங்கம்தான். ராயபுரத்துல எங்க சந்துல குடியிருக்கற டிராயிங் டீச்சர், ரிடையர் ஆனதும் சும்மா இருக்க முடியாம ஆரம்பிச்சாங்க. அவங்களோட சேத்து அஞ்சு பேரு. மொதல்ல மொட்டை மாடியில ஒக்காந்து கடலை வரைஞ்சோம். ஹார்பர் கரித்தூள் ஈரப் பேப்பர்ல ஒட்டிக்கிச்சு. வானம் பூரா எள்ளு கொட்டின மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் ஒரு வஞ்சிரத்த வெச்சு வரைஞ்சோம். தலைய முடிச்சு வாலுக்கு வர்றதுக்குள்ள, மீன வாங்கினவ "கொழம்புக்கு நேரமாச்சு"ன்னு எடுத்துகினு போய்ட்டா.

டீச்சருக்கு மனுஷங்களை வரையணும்னு ஆசை. எந்தப் பொம்பள ரெண்டு மணி நேரம் அசையாம ஒக்காருவா? அடுப்பு இன்னாவறது? அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. எங்க சந்துல பாதி ஆம்பளைங்க ஹார்பர்ல நைட் ஷிப்டு. பகல்ல வூட்டுக்கு ஒரு ஆள் கட்டை மாதிரி கெடக்கறான். இதுக்கு மேல மாடல் எங்க கெடைக்கும்?

அவ்ளோதான். வாரத்துக்கு ஒரு வூடு, ஒரு புருஷன். வளையலக் கழட்டிட்டு வரணும், குக்கர் வைக்கக் கூடாது, மாடல் பொரண்டு படுத்தா சத்தமில்லாம எழுந்து எல்லாரும் அந்தப் பக்கம் போய் ஒக்காரணும். ஆம்பளைங்களுக்குத் தெரிஞ்சா சங்கத்த இழுத்து மூடிடுவாங்களோன்னு பயம் வேற. ஒரு தபா கிரேன் ஓட்டறவரு பாதித் தூக்கத்துல எழுந்து, பிரஷ் கழுவின தண்ணிய டீன்னு நெனச்சுக் குடிச்சுட்டாரு. "சக்கரை கம்மி"ன்னுட்டு திரும்பிப் படுத்துகினாரு.

படத்தையெல்லாம் சர்ச் ஹால்ல மாட்டறதுன்னு முடிவாச்சு. "மாட்டினப்புறம் தெரிஞ்சா தெரியட்டும், இன்னா பண்ணிடுவாங்க?"ன்னாங்க டீச்சர். அவங்கவங்க புருஷன அவங்கவங்க வரையணும். எல்லாரும் முடிச்சுட்டாங்க, நான் மட்டும் பாக்கி. என் வூட்டுக்காரர் தூங்கறாரா கபடி ஆடறாரான்னே தெரியாது. உள்ளங்கால்ல ஈ ஒக்காந்தாப் போதும், தூக்கத்துலயே எட்டி ஒதைப்பாரு. ரெண்டு வாட்டி என் கலர் டப்பாவையே ஒதைச்சாரு. ரெண்டாவது வாட்டி எனக்கு அழுகையே வந்துடுச்சு. எல்லாரும் போனப்புறம், குறட்டை விட்டுகினு கெடந்த மனுஷன் பக்கத்துல ஒக்காந்து திட்டித் தீத்தேன். "பாவி மனுஷா, கல்யாணம் ஆன நாள்லருந்து உனக்கு ஆக்கிப் போட்டுகினு கீறேன். எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு செஞ்சுக்கலாம்னு பாத்தா, அதுக்கு நீ சும்மா படுத்துக் கெடந்தாப் போதும். அதுகூட ஆவலையா உன்னால?"

குறட்டை நிக்கல.

கடைசி வாரம் வந்துச்சு. அன்னிக்கு இன்னா அதிசயமோ, மல்லாக்கப் படுத்த மனுஷன் அசையவே இல்ல. நான் பரபரன்னு வரைஞ்சேன். மத்தவங்க சுத்தி ஒக்காந்து பாத்துகினு இருந்தாங்க. டீச்சருக்கு ஜலதோஷம், மூக்க உறிஞ்சிகினே இருந்தாங்க. அந்த நேரம் பாத்து எதிர்வூட்டு அக்கா ஜன்னல்ல எட்டிப் பாத்துச்சு. நடுவுல ஆம்பள மல்லாக்கக் கெடக்கறான், சுத்திப் பொம்பளைங்க பேச்சு மூச்சில்லாம ஒக்காந்துகினு, ஒருத்தி மூக்க சிந்தறா. வேற இன்னா நெனைக்கும்?

"ஐயோ, என் ராசா! போய்ட்டியா!"ன்னு மார்ல அடிச்சுகினு உள்ள வந்துச்சு. டீச்சர் உதட்டுல வெரல வெச்சு "ஷ்ஷ்"ன்னாங்க. துக்கத்துல பேச முடியலன்னு நெனச்சுகினு அக்கா இன்னும் ஓங்கி அழுதுச்சு. சந்தே தெரண்டுச்சு. யாரோ ஐஸ் பாக்ஸுக்குப் போன் போட்டாங்க. யாரோ மாலைய வாங்கியாந்து போட்டுட்டாங்க. நான் சொல்லியிருக்கணும்தான். சொன்னா அவர் எழுந்துடுவாரே, மூஞ்சி இன்னும் முடியலையே! செகப்பு தொட்டு மாலையையும் சேத்துப் போட்டேன். "அதிர்ச்சியில புத்தி பேதலிச்சிடுச்சு பாவம்"னு பின்னாடி பேசிகினாங்க.

அப்ப எதிர்வூட்டு அக்கா ஒரு துணியக் கிழிச்சு, அவர் கால் கட்டை விரல் ரெண்டையும் சேத்துக் கட்டக் குனிஞ்சுது. போச்சுடா, இப்ப ஒதைப்பாருன்னு டப்பாவத் தூக்கிப் புடிச்சுகினேன். அக்கா கை உள்ளங்கால்லயே பட்டுச்சு. கால் அசையல.

நெசமாவே போய்ட்டாரா? பிரஷ்ஷப் போட்டுட்டு அவர் மூஞ்சிகிட்ட குனிஞ்சேன். நெத்தியெல்லாம் வேர்த்துக் கெடந்துது. பல்லக் கடிச்சுகினு கீறாரு. கண்ணத் தொறக்காமலே, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி கேட்டாரு.

"இன்னாமே, முடிஞ்சிதா?"

"காது மட்டும் பாக்கி"ன்னேன்.

"சீக்கிரம் போடு. கூசுது."

எனக்குப் பொலபொலன்னு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. "அழுதுடும்மா, உள்ள வெச்சுக்காத"ன்னு அக்கா என் முதுகத் தடவிக் குடுத்துச்சு. நான் பிரஷ்ஷ எடுத்து காதை வரைஞ்சேன்.